ஒழுங்கைக்கு மேலால் போன கம்பி

அஜக்ஸிலும் யூனியன்வில்லிலும் வீடு வாங்கிக் குடியேறிவிட்ட என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில், கேக் வெட்டுவதற்கு முன்பே, உங்களில் மூன்று பேர் பக்கத்து வீட்டுக்காரனின் வேலியைப் பற்றி அரை மணி நேரம் கொதித்தீர்கள். ஒருவர் கைத்தொலைபேசியில் படம் வேறு வைத்திருந்தார். வேலி உள்ளே வந்துவிட்டதாம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டி வந்திருக்கும், பிறகு கேக் தொண்டைக்குள் இறங்கியிருக்காது. இப்போது ஆறுதலாக இருந்து சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. ரெக்ஸ்டேலில் ஒரு மாடிக் குடியிருப்பின் ஏழாம் தளத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு, கோடை விடுமுறை முடிகிற நேரத்தில் பாத்தர்ஸ்ட் வீதிப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். அப்பா இந்த நாட்டில் வாங்கிய முதல் வீடு. மாடியில் இருந்தவரைக்கும் அப்பா சாதுவான மனிதர். தொழிற்சாலைக்குப் போவார், வருவார், ஊர்ச் செய்தி கேட்பார், நித்திரை கொள்வார். காலடியில் மண் வந்ததும் ஆளே மாறிவிட்டார். குடிபுகுந்த அன்று அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருக்க, அவர் அளவு நாடாவோடு பின்வளவில் குந்தியிருந்தார். காணி உறுதியோடு சேர்ந்து வந்த சேர்வே வரைபடத்தைச் சாமிப் படங்களுக்குக் கீழே வைத்துப் பூவும் வைத்தார்.

எங்களுடையது ஒரு முட்டுத்தெருவின் கடைசி வீடு. பின்னால் உயர்ந்த மின்கோபுரங்கள் நிற்கிற புல்வெளி. அதற்கும் எங்களுக்கும் இடையில் கம்பிவலை வேலி. வீட்டுக்குப் பக்கத்தால் அந்த வெளிக்குப் போக ஒரு நடைபாதை இருந்தது. அப்பா அதை ஒழுங்கை என்றுதான் சொல்வார். அந்த ஒழுங்கை வாயில் மட்டும் வேலி கிடையாது. இந்தக் கரையில் ஒரு மரக்கட்டை, அந்தக் கரையில் ஒரு மரக்கட்டை, இரண்டின் உச்சிக்கும் மேலால் ஒரு மெல்லிய கம்பி. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை, உடுப்புக் காயப்போடவும் எட்டாத உயரம். யாரோ வேலை மெனக்கெட்டுக் கட்டிய கம்பி என்று நினைத்தோம்.

இந்தக் கரைக் கட்டை எங்கள் வேலிக்கு உட்பக்கமாக, எங்கள் வளவுக்குள் நின்றது. ஒன்பது அங்குலம் உள்ளே என்று அப்பா அளந்து சொன்னார். அளந்ததோடு விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு வேலை இல்லாத நாள். அன்று காலையில் தவறாமல் ஒரு வயதான மனிதர் பழைய காரொன்றில் வந்து இறங்குவார். கூரையில் ஏணி கட்டியிருக்கும். நரைத்த தாடி, கறுப்புத் தொப்பி. ஒழுங்கை வாயில் நின்று மேலே பார்ப்பார், கட்டையைப் பார்ப்பார், ஒரு சின்னக் கொப்பியில் ஏதோ எழுதுவார், போய்விடுவார். அப்பா குசினி யன்னலால் தேத்தண்ணிக் கோப்பையோடு அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“உவன் ஆர் பிள்ளை?”

“தெரியாது அப்பா.”

“என்னத்தை எழுதுறான்?”

“எனக்கென்னெண்டு தெரியும்?”

“எல்லை பாக்கிறான். எல்லை பாக்கிறவன்ர கண் எனக்குத் தெரியாதே? பத்து வருசம் ஒருத்தன்ர கட்டை உன்ர காணிக்குள்ள நிண்டால், பிறகு அந்தத் துண்டு அவன்ர. சட்டமும் அவன்ர பக்கம்தான்.”

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார்: “ஊர் வேலி வழக்கைப் பிளேனிலயும் ஏத்திக்கொண்டு வந்திட்டியளே?”

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு முழக் காணிக்காகத் தன் சொந்த அண்ணனோடு, அதாவது என் பெரியப்பாவோடு, வருடக்கணக்காக வழக்காடியவர் அவர். தோற்றார். அதன் பிறகு இருவரும் முகம் பார்க்கவில்லை. நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோதுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பதினொரு வயதில் எனக்கு இது வெறும் குடும்பக் கதை. அந்த மனிதர் எந்த நாட்டுக்குப் போனாலும், எவன் நட்ட கட்டையைப் பார்த்தாலும், பெரியப்பாவின் கட்டையாகத்தான் பார்த்திருப்பார் என்பது இந்த வயதில்தான் விளங்குகிறது.

அந்தப் பகுதியில் நாங்கள் மட்டும்தான் தமிழர். சுற்றிவர யூதக் குடும்பங்கள். வெள்ளி பின்னேரம் தெரு முழுக்க ரொட்டி வேகிற வாசம் வரும். மேலே முட்டை பூசி, சடை பின்னினமாதிரி முறுக்கிச் சுடுகிற ரொட்டி. எங்கள் வீட்டிலிருந்து மீன் பொரிக்கிற வாசம் போகும். இரண்டும் வேலிக்கு மேலே சந்தித்துக்கொள்ளும். சனி காலையில் தெருவில் ஒரு கார் அசையாது. எல்லாரும் நடந்துதான் தொழுகைக்கூடத்துக்குப் போவார்கள். முன்னால் குழந்தை வண்டில்கள். ஒரு இரட்டைக் குழந்தை வண்டிலின் சில்லு கிறீச்சிட்டுக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தில்தான் சனிக்கிழமைகளில் நான் கண் விழிப்பேன்.

அந்த ஊர்வலத்தின் கடைசியில் பக்கத்து வீட்டு அன்ரி வருவார். அவருக்கு நரம்பு நோய். கால்கள் சொல்வழி கேட்காது. வீட்டுக்குள் வோக்கரைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நடப்பார். வெளியே என்றால் சக்கர நாற்காலி. புருசன் பின்னாலிருந்து தள்ளுவார். பரிதாபமான முகத்தோடு வருவார் என்று நினைக்காதீர்கள். நாட்டாமை மாதிரி வருவார். ரோட்டில் கிடக்கிற குப்பையைக் கைநீட்டிக் காட்டுவார், எங்கள் புல் வளர்ந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். எனக்கு அவரில் சரியான விருப்பம்.

அவருக்கு ஒரே மகன். ஐப்பசி நடுவில் அவனுக்குப் பதின்மூன்று வயது நிறைகிறது. அவர்கள் முறைப்படி அந்தச் சனிக்கிழமை அவன் முதல்தடவையாகச் சபைக்கு முன் நின்று வேதத்தை ராகத்தோடு வாசிக்கவேண்டும். நாங்கள் வந்த நாளிலிருந்து பின்னேரங்களில் அவன் பாடம் பண்ணுகிற சத்தம் யன்னலால் கேட்கும். பிழைத்தால் அன்ரி குசினிக்குள்ளிருந்து அகப்பையால் மேசையில் தட்டுவார். அவன் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவான். “உந்தப் பொடியன் இண்டைக்கும் அந்த வளைவில விழுந்திட்டான்” என்று அம்மாவே சொல்கிற அளவுக்கு எங்கள் வீடும் அதைப் பாடமாக்கிவிட்டது. “அவனைப் பெத்துவிட்டு நான் கண்ட பலன் இதுதான். அன்றைக்கு முன் வரிசையில் இருப்பேன்” என்று அன்ரி என்னிடம் சொன்னார். நோய் ஏறிக்கொண்டு வருகிறது என்பதும் அடுத்த வருடம் எப்படியிருக்கும் என்று வைத்தியருக்கே தெரியாது என்பதும் அம்மா மூலம் எனக்குத் தெரிந்திருந்தது.

செப்டெம்பரில் ஒரு வெள்ளி பின்னேரம் கடும் காற்று. மறுநாள் என்னை எழுப்ப அந்தச் சில்லுச் சத்தம் வரவில்லை. எழும்பி வெளியே போனால், அன்ரி நல்ல உடுப்பு உடுத்தி, தலைக்குத் தொப்பி போட்டு, தன் வீட்டு வாசலுக்கு உள்ளேயே இருந்தார். கோபம் முகத்தில் கொதித்தது.

“போகவில்லையா?” என்று கேட்டேன்.

“எங்கேயோ கம்பி அறுந்துவிட்டது. நான் வீட்டுச் சிறையில்” என்றார்.

அப்போதுதான் விளங்கப்படுத்தினார். அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி சூரியன் படத் தொடங்கி, சனி இருளும்வரை. அந்த நேரத்தில் வீட்டிலிருந்து தெருவுக்கு ஒன்றும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. சாவி, கைக்குட்டை, கைக்குழந்தை, ஒன்றும். ஆளை நாற்காலியில் வைத்துத் தள்ளுவதும் அதற்குள் அடங்கும். ஆனால் ஊரைச் சுற்றிவர வேலியாலும், வேலி இல்லாத இடத்தில் கட்டையும் கம்பியுமாகவும் அடைத்துவிட்டால், உள்ளே இருக்கிற எல்லாரும் ஒரே வீட்டுக்காரர் மாதிரி. பிறகு தூக்கலாம், தள்ளலாம். அதற்கு ஏருவ் என்று பெயர். சூரியன் படுகிறபோது அந்த அடைப்பு முழுசாக நிற்கவேண்டும். ஒரு இடத்தில் அறுந்திருந்தாலும் அந்தக் கிழமைக்கு முழு ஊருக்கும் இல்லை.

“அப்படியென்றால் எங்கள் மூலையில் நிற்கிற கட்டை?”

“அதுவும்தான். அது இல்லாவிட்டால் நான் இல்லை” என்று சிரித்தார்.

எங்கள் ஆட்கள் நாலு பக்கமும் வேலி அடைப்பது மற்றவனை வெளியே நிறுத்த. இவர்கள் ஊரையே ஒரு வளவாக்குவதற்கு அடைத்திருக்கிறார்கள். எங்கள் கட்டையில் ஒரு சின்னத் தகரத்தில் தொலைபேசி எண் இருந்தது. அன்றிலிருந்து வெள்ளிதோறும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்த எண்ணைச் சுழற்றுவேன். பதிவுசெய்த ஒரு குரல் வரும்: இந்தக் கிழமை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நல்ல ஓய்வுநாளாக அமையட்டும். எனக்கென்றே சொல்வது போலிருக்கும்.

இதையெல்லாம் ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சொன்னேன், ஒரு தரம், அவர் செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது. “ஓமோம்” என்றார். கேட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். அந்த “ஓமோம்” எவ்வளவு வெறுமையானது என்று உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மகன் வாசிக்கிற சனிக்கு முதல் நாள். பள்ளிக்கூடத்தால் வருகிறேன், ஒழுங்கை வாயில் வானம் வெறுமையாகக் கிடக்கிறது. கட்டை எங்கள் புல்லில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறது. கம்பி வளையமாகச் சுற்றி அதன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அப்பா மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். அப்படி ஒரு சந்தோசத்தை நான் அவர் முகத்தில் கண்டதேயில்லை.

“காலமை அவன் வந்து பாத்திட்டுப் போகட்டும் எண்டு இருந்தனான். போனவுடன புடுங்கிப் போட்டன். இனி வரட்டும் பாப்பம்.”

நான் உள்ளே ஓடிப்போய் அந்த எண்ணைச் சுழற்றினேன். இந்தக் கிழமை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றது குரல். திரும்பி ஓடிவந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பி, நாற்காலி, நாளைக்குப் பொடியன் வாசிப்பது, எல்லாம்.

“கம்பியைக் கட்டினால் ஊர் வீடாகுமோ? ஆருக்குக் காது குத்துறாய்? உது காணி பிடிக்கச் சொல்லுற கதை.”

“அப்பா, கட்டையைத் திருப்பி நடுங்கோ. இப்பவே நடுங்கோ.”

“என்ர காணியில நிண்ட கட்டையை நான் புடுங்கினன். கதை முடிஞ்சுது.”

“நீங்கள்தான் அப்பா களவெடுத்தது! அவ நாளைக்குப் போகேலாது!”

கை ஓங்கினார். அடிக்கவில்லை. நானும் விலகவில்லை. நேரே பின்வளவுக் கொட்டிலுக்குப் போய்ப் பனி தள்ளுகிற சவளை எடுத்துவந்து குழியைத் தோண்டத் தொடங்கினேன். அகலத் தகட்டுச் சவள். மண்ணுக்குள் இறங்காது, வளைந்து வளைந்து வந்தது. கட்டை என்னால் ஒரு பக்கம்கூடத் தூக்க முடியாத பாரம். அழுகை வந்தது. அழுதுகொண்டே தோண்டினேன். அரை மணி நேரத்தில் ஒரு சாண்கூடப் போகவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவரும் காணவில்லை. ஏணிக்காரர் காலையில் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். குரலும் சரி என்கிறது. நான் பேசாமல் இருந்தால் அன்ரி நாளைக்குத் தெருவின் மற்ற முனையால், இதைக் காணாமலே, சந்தோசமாகப் போய்வருவார். தெரியாமல் போனால் அவரில் பிழையில்லைத் தானே? ஆனால் அவர் தன் நாற்காலியை எந்த நம்பிக்கையில் வெளியே விடுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கை பொய் என்று தெரிந்துகொண்டு எப்படிக் கையசைத்து அனுப்புவது? சவளைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அன்ரி மேசை விரிப்பை மடிப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

“நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் நாளைக்குப் போயிருப்பேன்” என்றார்.

அந்த வசனம் வருடக்கணக்காக என்னைக் குடைந்தது. இன்றைக்கு நடந்தாலும் போய்ச் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனாலும் குடைந்தது.

அன்ரி மேசை விரிப்பை ஒதுக்கி வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஏணிக்காரர் வந்து இறங்கினார். அன்ரியின் புருசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். வெயில் மேப்பிள் மரங்களின் உச்சிக்குப் போயிருந்தது. அப்பா குழிக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, சேர்வே வரைபடத்தைக் கையில் விரித்துப் பிடித்தபடி நின்றார். சண்டைக்கு அவ்வளவு ஆயத்தமாக நின்ற மனிதரிடம் ஏணிக்காரர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுச் சொன்னார்:

“நிலம் உங்களுடையது. முன்னிருந்தவர் அனுமதி தந்திருந்தார். நீங்கள் வந்ததும் உங்களிடம் நாங்கள் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. அது எங்கள் தவறு. உங்கள் அனுமதி இல்லாமல் எங்கள் சட்டப்படியும் நாங்கள் இதை நடமுடியாது. தருவீர்களா?”

நான் தமிழில் சொன்னேன். அப்பா நம்பவில்லை. “திருப்பிக் கேள். ஆற்ர காணி எண்டவர்?”

“உங்கட காணியாம்.”

அப்பா வரைபடத்தை மெதுவாக மடித்தார். வருடக்கணக்காக வழக்காடியும் ஒருவர் வாயிலிருந்தும் அவர் கேட்காத சொல் அது. அந்த இடத்தில் கட்டையை நட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் வழக்குக்காரனுக்கு வாய்ச் சொல் போதுமா?

“எழுதித் தரச் சொல்லு. எழுத்துக்கு முதல் கட்டை இல்லை.”

என் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒற்றை கிழிக்கப்பட்டது. அப்பா குழியை விட்டு அசையாமல் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். உறுதிக்குரிய ஒழுங்கோடு சொன்னார். கிழக்கே ஒழுங்கை, மேற்கே எங்கள் வீடு, வடக்கே மின்கோபுர வெளி, தெற்கே தெரு. இந்த எல்லைக்குள் நிற்கும் ஒரு கட்டை, காணிக்காரனின் விருப்பத்தின் பேரில் மட்டும் நிற்கிறது. எவ்வளவு காலம் நின்றாலும் உரிமை கோர முடியாது. காணிக்காரன் எடு என்றால் எடுக்கவேண்டும். ஏணிக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவருடைய கண் வெயிலிலேயே இருந்தது. அன்ரி தன் பக்கத்துப் படலையில் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து ரொட்டி வாசம் வந்துகொண்டிருந்தது.

ஏணிக்காரர் கையெழுத்து வைத்தார். அப்பா சொன்னார்: “சாட்சி?”

அம்மா மஞ்சள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தார். “போதுமப்பா, பக்கத்து வீட்டு மனிசி பாத்துக்கொண்டிருக்குது” என்றார்.

“மற்றப் பிரதி?” என்றார் அப்பா.

“எந்தப் பிரதி?”

“அவைக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு. இல்லாட்டி எழுத்தென்ன எழுத்து?”

நான் முழுவதையும் இரண்டாம் தரம் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எழுதியதில்லை. எழுத்து கோணியதென்று அப்பா ஒரு வரியைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். அந்தப் பிரதியும் கையெழுத்தானபோது வெயில் மரங்களை விட்டுக் கோபுரங்களின் நுனியில் மட்டும் நின்றது.

அதன் பிறகு அப்பா வேலை செய்ததைப் பார்க்கவேண்டும். கட்டை நடுவதில் அவரை விஞ்ச ஆள் கிடையாது. நிமிர்த்தி, கல் இறுக்கி, மண் போட்டு, மண்வெட்டிப் பிடியால் இடித்து, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஏணிக்காரர் மேலே ஏறி, அந்தக் கரையிலிருந்து வந்த கம்பியை இழுத்து உச்சிக்குக் கொண்டுவந்தார். கம்பி இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் ஆணிக்கு மேலே போட்டவர், ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு மேற்கே பார்த்தார். பிறகு குறடை ஏணிப் படியிலேயே விட்டுவிட்டு மெதுவாக இறங்கினார்.

“முடிந்தது” என்றார். கம்பியைச் சொல்லவில்லை, வெயிலை.

அப்பா பதறினார். “இன்னும் ரெண்டு முறுக்குத்தானே! விடுங்கோ, நான் ஏறுறன்.” ஏறினார். முறுக்கினார். கம்பி விண்ணென்று நின்றது. இறங்கிவந்து என்னைப் பார்த்தார். “இப்ப சரிதானே? சொல்லு, சரியெண்டு.”

“சூரியன் படேக்க நிண்டிருக்கோணும் அப்பா. இனி அடுத்த கிழமைக்குத்தான்.”

ஏணிக்காரர் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனார். எங்கள் பகுதியில் வீடு வீடாக ஆட்கள் போய்க் கதவைத் தட்டி, இந்தக் கிழமை இல்லை என்று சொன்னார்கள். அன்ரி எங்கள் பக்கம் ஒருதரம் பார்த்தார். யன்னல் திரை இழுபட்டது. அதற்குள் இரண்டு மெழுகுதிரி எரிவது தெரிந்தது. நான் அப்பாவோடு கதைக்கவில்லை. அம்மா சோற்றைப் போட்டுத் தட்டை அவருக்கு முன்னால் வைத்தது வழமையைவிடச் சத்தமாக இருந்தது.

சனி காலையில் நான் எழும்பி வந்தபோது அப்பா குசினி யன்னலடியில் நின்றார். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

“ஏன் ஒருத்தரும் வண்டில் கொண்டு போகேல்லை?” என்று கேட்டார்.

ஆண்கள் மட்டும் போனார்கள். ஒரு இளம் தாய் தன் வீட்டு வாசலில் குழந்தையோடு நின்று புருசன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாசலிலும் ஒருத்தி. தெரு முழுக்க வாசல்களில் பெண்கள். அப்பா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனை கதவுகளை அந்த ஒரு கட்டையால் பூட்டியிருக்கிறார் என்று அவர் பார்த்தார்.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அன்ரி வெளியே வந்தார். நாற்காலி இல்லை. வோக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அது இல்லாமல் நிற்கவே முடியாதவர் அதை ஊன்றலாம் என்று அவர்கள் சட்டம் இடம் கொடுத்திருந்தது. புருசன் வெறுங்கையோடு பக்கத்தில். மகன் முதலே போய்விட்டான். பத்து அடி வைத்தார். தங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இன்னும் ஆறடி. மறுபடியும் நின்றார். பற்களைக் கடித்துக்கொண்டிருந்தது யன்னலுக்கே தெரிந்தது.

“கோயில் எவ்வளவு தூரம்?” என்றார் அப்பா.

“பெரிய ரோட்டு லைற்றையும் தாண்டோணும்.”

“அவ விழுந்திடுவா. ஒருத்தரும் ஒரு கதிரை கொண்டுபோய் வைக்க மாட்டினமோ?”

“அவை தூக்கக்கூடாது.”

“எங்களைக் கேக்கலாமே?”

“கேக்கவும் கூடாது.”

அப்பா கோப்பையை வைத்தார். “கேக்காமல் செய்தால்?”

“தெரியாது அப்பா.”

சமையல் மேசையடியில் நின்ற மஞ்சள் இருக்கைக் கதிரையை, ஒரு மூலை கிழிந்து பஞ்சு தெரிகிற அதையே, தூக்கித் தோளில் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு வெளிக்கிட்டவரை அம்மா மறித்துக் குளிர்ச்சட்டையை மாட்டிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். அன்ரி மூன்றாம் தரம் நின்று தள்ளாடியபோது அப்பா அவருக்குப் பின்னால் கதிரையை வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அன்ரி கதிரையைப் பார்த்தார். புருசனைப் பார்த்தார். புருசன் தோளை உயர்த்தினார். அன்ரி இருந்தார்.

அவர் எழும்பி நடந்தால் அப்பா கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். அவர் தளர்ந்தால் வைத்தார். சாரம் காற்றில் அடித்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியில் பத்து நிமிடத் தூரம். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே போனது. பெரிய லைற்றடியில் பச்சை விழுந்து, சிவப்பு விழுந்து, திரும்பப் பச்சை விழுந்தபோதுதான் அக்கரைக்கு ஏறினோம். கார்க்காரன் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அப்பா கதிரையைத் தூக்கிக் காட்டி அவனைத் தமிழில் ஏசினார்.

அன்ரி பெண்கள் பக்கத்துக் கதவால் உள்ளே போனார். நாங்கள் வெளியே புல்லில் நின்றோம். வெகுநேரம் பல ஆண்களின் குரல். பிறகு ஒரு இளங்குரல் தனியே எழுந்தது. “உதுதான் அவன்” என்றேன். அப்பா இமைக்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதிரை பக்கத்தில் இருந்தும் அவர் இருக்கவில்லை. பின்னேரம் வேலைக்குப் போகவேண்டுமே என்று நான் நினைவூட்டியதற்கும் அசையவில்லை.

திரும்பி வருகிறபோது அன்ரிக்கு இன்னும் களைப்பு. ஆனால் முகம் விளக்கு வைத்தமாதிரி இருந்தது. பெரிய லைற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் அப்பா கதிரையை வைத்தார். அன்ரி இருந்து மூச்சு வாங்கினார். அப்பா முதல்தடவையாக அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, அவவிட்டைச் சொல்லு,” என்றார். “பிழை என்ர எண்டு.”

நீதிபதி கேட்டும் சொல்லாத மனிதர். கூடப் பிறந்தவனிடம் சொல்லாமலே பிளேனேறியவர். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல மூன்றே சொல் போதும். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்ரி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியும்” என்றார்.

பிறகு வோக்கரில் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார். அப்பா கதிரையைத் தூக்கினார்.